பெரிய மெஷின் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது, எனக்கும் பேச்சு கோர்வையாக வருவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தம்ளர் வைக்கிற சிலேட்டுக் கல்லில் லேசர் மெஷினால் பாட்டி படத்தைப் பதித்து, அதை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாயே, பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டி முகம் இருக்கிறது. ஆனால் ஈரச் சுவரில் பூசணம் பூத்த மாதிரி பழுப்பாக, திட்டுத்திட்டாக இருக்கிறது. "மெஷினுக்குப் பவர் பத்தவில்லை, 20 வாட் வாங்கப்போகிறேன்" என்கிறாய். இப்போது வாங்காதே. கல்லில் பவர் குறையவில்லை, மிஞ்சிப் போயிருக்கிறது. அந்தப் பழுப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் என்னிடம் அதே நிறத்தில் ஆறு கல் கிடக்கிறது.

லேசர் பட்டால் சிலேட்டு என்ன ஆகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலேட்டு ஒரு காலத்தில் வெறும் சேறு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகி, ஏடு ஏடாகப் பிளக்கிற கல்லாகிவிட்டது. அந்தச் சேற்றில் கலந்திருந்த கரிதான் அதற்கு அந்தக் கருமையைக் கொடுக்கிறது. லேசர் பட்ட இடத்தில் மேல்தோல் மட்டும் கண நேரம் உருகி, உடனே ஆறி, கண்ணுக்குத் தெரியாத விரிசலும் குமிழுமாக மாறிவிடுகிறது. வெளிச்சம் அதில் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஐஸ் கட்டியை நொறுக்கினால் வெள்ளையாகிவிடுகிறதே, அதே கதைதான். வெள்ளை என்று ஒரு நிறம் அங்கே வந்து சேர்வதில்லை.

சூடு மிஞ்சினால் அந்த விரிசலெல்லாம் மறுபடி உருகிக் கூடி, கண்ணாடி மாதிரி மழமழவென்று ஆகிவிடும். அப்புறம் வெளிச்சம் எங்கே சிதறும்? பழுப்புதான் மிச்சம். மரத்தில் பவரைக் கூட்டக் கூட்டக் கறுப்பும் ஆழமும் கூடும். நீ மரத்தில் பழகிய கையோடு கல்லுக்கு வந்து 90 சதவீதம் வைத்திருக்கிறாய். ஆழமாகச் செதுக்கும் நினைப்பே இங்கே வேண்டாம். நீ வேலை செய்யப்போவது கல்லின் தோலில்தான்.

அதனால் வீணான அந்தக் கல்லைத் தூக்கிப் போடாமல் திருப்பிப் போடு. பின்பக்கத்தில் ஒரு சோதனைக் கட்டம் அடி. 8 மில்லிமீட்டர் சதுரங்கள், ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து. குறுக்கே பவர் 20, 40, 60, 80, 100 சதவீதம். நெடுக்கே வேகம் நிமிடத்துக்கு 1000, 2000, 3000, 4000, 5000 மில்லிமீட்டர். நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் 52 மில்லிமீட்டரில் அடங்கிவிடும், 10 சென்டிமீட்டர் கல்லில் தாராளமாக இடம் இருக்கும். ஒரு மூலையில் ஒன்றுமே பதியாது, எதிர் மூலை பழுப்பாகும், பளிச்சென்ற வெள்ளை நடுவில் எங்கோ இருக்கும். என் 10 வாட் மெஷினில் 3000 வேகத்துக்கு 40 சதவீதம் சரியாக இருந்தது. அடுத்த பெட்டி கல் வாங்கியபோது அதே வேகத்துக்கு 60 கேட்டது. உன்னுடையதும் 10 வாட்தான், ஆனாலும் என் எண்ணை அப்படியே போட்டுவிடாதே. கல்லுக்குக் கல் மாறும்.

வாட் பற்றியும் ஒரு வார்த்தை. என் முதல் மெஷினின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 40 வாட் என்று போட்டிருந்தது. நானும் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது மெஷின் பிளக்கிலிருந்து இழுக்கிற மின்சாரக் கணக்கு என்று. வெளியே வருகிற ஒளி 5 வாட். நீ எதை வாங்கினாலும் ஒளியின் வாட் எவ்வளவு என்று கேள். இன்னொன்று, 20 வாட் டயோடு மெஷின் என்பது பெரும்பாலும் நாலு சின்ன டயோடுகளின், அதாவது லேசர் ஒளியை உண்டாக்கும் சில்லுகளின், ஒளியை ஒன்றாகச் சேர்த்தது. வேகமாக வெட்டும், சரி. ஆனால் சேர்த்த ஒளி விழுகிற புள்ளி பொதுவாகக் கொஞ்சம் அகலமாகத்தான் இருக்கும். முகம் பதிக்க உனக்கு வேண்டியது சின்னப் புள்ளி.

அடுத்து படம். என் கூத்தைச் சொன்னால் சிரிப்பாய். முதல் தடவை பாட்டி போட்டோவை அப்படியே மெஷினுக்குக் கொடுத்துவிட்டேன். மரத்தில் லேசர் பட்ட இடம் கறுக்கும், கல்லில் வெளுக்கும். அதை யோசிக்கவில்லை. முடிகிறவரை காத்திருந்து பார்த்தால், பல்லெல்லாம் கறுப்பு, கண்ணுக்குழி வெள்ளை. பேய்! உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் புத்திசாலித்தனமாகப் படத்தைக் கம்ப்யூட்டரில் நெகட்டிவாக மாற்றினேன். லேசர் மென்பொருளிலும் நெகட்டிவ் என்ற பெட்டியை டிக் செய்துவைத்திருந்தேன். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, மறுபடியும் அதே பேய். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் மாற்று.

நீ செய்ததில் அந்தத் தப்பு இல்லை, ஆனால் பின்னணியை அப்படியே விட்டுவிட்டாய். பாட்டிக்குப் பின்னால் இருந்த வெளிர் சுவர் முழுவதும் பதிந்து, முகம் அதில் கரைந்துவிட்டது. சுவரை அழித்துவிட்டு அங்கே கறுப்பை நிரப்பு. நெகட்டிவாக மாற்றிய பிறகு அந்த இடத்தில் லேசர் போகாது, கல்லே பின்னணியாகிவிடும். இப்படிச் செய்தால் கறுப்பு முடி உள்ளவர்களுக்குத்தான் சிக்கல். முடி கல்லோடு போய்விடும், முகம் மட்டும் முகமூடி மாதிரி மிதக்கும். உன் சின்ன வயது போட்டோ ஒன்றைப் போட்டுப் பார்த்து அப்படித்தான் ஆனது, தலைக்குப் பின்னால் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று வரைந்து சமாளித்தேன். பாட்டிக்கு அந்தக் கவலையே இல்லை. இந்தக் கல்லுக்கு நரைமுடி மாதிரி ஒன்று அமையாது. ஒவ்வொரு இழையும் தனியாக வரும். சாகும்வரை சாயம் பூசமாட்டேன் என்று அடம் பிடித்தாளே, இதற்காகத்தானோ என்னவோ.

லேசர் மென்பொருளில் டிதரிங் என்று ஒரு பட்டியல் வரும், அதில் நீ எதையும் தொடவில்லை என்று நினைக்கிறேன். கல்லில் வெள்ளைப் புள்ளி விழும், அல்லது விழாது. நடுவிலே சாம்பல் நிறம் கிடையாது. பழைய செய்தித்தாள் படம் மாதிரி, புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும்தான் சாம்பலைக் காட்ட வேண்டும். ஒரு புள்ளியை வெள்ளை அல்லது கறுப்பு என்று முடிவுகட்டும்போது வருகிற பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற கணக்கு அது. ஃப்ளாய்டு, ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட முறை நாலு புள்ளிகளுக்குப் பிரிக்கும். அதே ஆண்டு வந்த ஜார்விஸ் முறை பன்னிரண்டுக்குப் பிரிக்கும். என் கண்ணுக்கு முகத்துக்கு ஜார்விஸ்தான் மென்மையாக இருக்கிறது. கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர் வை, அதாவது அங்குலத்துக்கு 254. அதைவிட நெருக்கினால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறுபடி அந்தப் பழுப்பு வந்துவிடும்.

ஒன்பது சென்டிமீட்டர் படத்துக்கு 900 கோடு. 3000 வேகத்தில் ஓட்டத்துக்கு மட்டும் 27 நிமிடம், ஒவ்வொரு ஓரத்திலும் நின்று திரும்புகிற நேரம் தனி. ஆரம்பித்துவிட்டால் அந்த நேரமெல்லாம் நீ பக்கத்திலேயே இருக்க வேண்டும். கல் தீப்பிடிக்காதுதான். அடியில் போட்டிருக்கிற அட்டை பிடிக்கும்.

கண் விஷயத்தை நான் விடமாட்டேன், நீ எரிச்சல்பட்டாலும் சரி. மூடியில்லாத உன் மெஷின் நான்காம் வகுப்பு லேசர், அதாவது இருப்பதிலேயே ஆபத்தான வகை. கதிர் நேராகக் கண்ணில் பட வேண்டும் என்பதில்லை, கல்லில் பட்டுச் சிதறுகிற ஒளியே கண்ணைக் கெடுக்கும். பெட்டியோடு வந்த பச்சைக் கண்ணாடியில் எந்த எண்ணும் அச்சடிக்கவில்லை என்றாய். அதைத் தூக்கிப் போடு. நம் மெஷினின் நீல ஒளி சுமார் 450 நானோமீட்டர். அந்த எண்ணை உள்ளடக்கிய கண்ணாடியாக, ஓ.டி. 5 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கு. ஓ.டி. 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். நீலத்தைத் தடுப்பது பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், ஆனால் நிறத்தை நம்பாதே, எண்ணைப் பார். பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்து. அதற்கு யார் கண்ணாடி மாட்டிவிடுவது?

கார்பன் டை ஆக்சைடு லேசர் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் குமார் படேல் கண்டுபிடித்தது. சிலேட்டில் அருமையாகப் பதியும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் கதிர் 10,600 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாது. நீலத்துக்கு வாங்கிய கண்ணாடியை நம்பி அதன் முன்னால் நிற்கக் கூடாது. கண்ணாடிக்குழாய் மெஷின் என்றால் உயர் மின்னழுத்தம், தண்ணீர்க் குளிர்விப்பு என்று வேறு சள்ளைகள். அடுத்த வருடம் பேசுவோம்.

தமிழ்ப் பெயர் உடைந்து வருகிறது என்றாயே, அது உன் தப்பு இல்லை. ஒருங்குறியில் 'பெ' என்ற எழுத்து முதலில் ப, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கிவைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் 'பெரியம்மா' என்று அடித்தால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் எழுதி, எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அல்லது படமாகவே சேமித்துக் கொண்டுபோ. தடித்த எழுத்துருவாக எடு. எழுத்து சிறுத்தால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான், கல்லின் சொரசொரப்பில் எங்கே விழுந்தது என்றே தெரியாது. நான் எனக்காகச் செய்த முதல் கல்லில் 'அமமா' என்றுதான் இருக்கிறது. அந்தக் காலக் கல்வெட்டுகளிலும் பல இடங்களில் புள்ளி வைக்கமாட்டார்கள் என்று உன் அப்பாவிடம் சொல்லித் தப்பித்தேன்.

ஃபோகஸை ஒவ்வொரு கல்லுக்கும் புதிதாக வை. இது பிளந்தெடுத்த கல், ஒரே பெட்டியிலேயே தடிமன் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். கல்லை நேராக வைக்க அளவுகோலோடு மல்லுக்கட்டாதே. அடியில் ஓர் அட்டையைப் பசை நாடாவால் ஒட்டி, அதன்மேல் கல்லின் அளவுக்கு மெஷினாலேயே லேசான சதுரம் ஒன்றை வரையவிடு. அதற்குள் கல்லை வைத்தால் தீர்ந்தது. கோணல் ஓரம் உள்ள கல்லென்றால் கண்பார்வைதான்.

வேலைக்கு முன்பும் பின்பும் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவு. உலர்ந்த தூளை ஊதித் தள்ளாதே, உப்புத்தாள் தேய்ப்பதாக இருந்தாலும் ஈரத்தோடு தேய். சிலேட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வை.

கழுவும்போது படம் மங்கி, போயே போய்விட்டது மாதிரி தெரியும். பயந்துவிடாதே. விரிசலில் தண்ணீர் நிரம்பியதால் வெளிச்சம் சிதறவில்லை, அவ்வளவுதான். காய்ந்ததும் திரும்பி வரும். எண்ணெய் தடவும்போதும் அதேதான் நடக்கும். அதனால் மினரல் ஆயிலை ஒரு துணியில் தொட்டு மெலிதாகத் தேய்த்து, உடனே நன்றாகத் துடைத்துவிடு. கல் கரேலென்று ஆகும், படம் முதலில் கொஞ்சம் மங்கிப் பிறகு எடுப்பாகும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்குப் பிடித்து நாறும். அடியில் நாலு மூலைக்கும் ஃபெல்ட் பொட்டு ஒட்ட மறக்காதே, மேஜையைக் கீறிவிடும்.

பாட்டி போட்டோவை இந்த வாரம் நானே மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். நீ வைத்திருப்பது போனில் சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோன படம், அதில் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணே இல்லை. ஒரிஜினலில் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு பொட்டு வெளிச்சம் இருக்கிறது. கல்லில் அது ஒவ்வொன்றும் நாலைந்து புள்ளிதான் வரும், ஆனால் அது வந்தால்தான் பாட்டி. அளவை மாற்றும்போது அது தொலைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே செய்.

உன் அப்பா நலம். நல்லதாக எட்டுக் கல் செய்து அடுக்கிவைத்திருக்கிறேன், மனிதர் அந்தப் பேய்ப் படக் கல்லைத்தான் தேடி எடுத்து அதன்மேல் தம்ளரை வைக்கிறார். மாமியாரை இப்படிப் பார்க்க இத்தனை வருடம் காத்திருந்தாராம். பாட்டி இருந்திருந்தால் அவரைவிட அதிகமாகச் சிரித்திருப்பாள்.

சோதனைக் கட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. காய்ந்த பிறகு எடு.

அன்புடன்,
அம்மா