படத்துக்குக் கீழே போட்ட வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'பசுமைத் திருப்பூர்' என்று எட்டுப் பக்கத்துக்குச் சிறப்புப் பகுதி வெளியிட்டிருந்தீர்கள். இருபத்திரண்டு வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற முறையில் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். நான்காம் பக்கத்தில் ஒரு படம். குடோனுக்குள் ஏழெட்டுப் பெண்கள் துணிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே 'பனியன் குப்பை பொறுக்கும் பெண்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். அது என் குடோன், பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணித் துண்டை வாங்கிப் பிரித்து விற்கும் இடம். படம் எடுக்க வந்த தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். "நல்லா வரும்ங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது.

எதிர்ப் பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவரின் பேட்டி. அவருக்கு நீங்கள் கொடுத்த பட்டம் 'சுழற்சிப் பொருளாதார முன்னோடி', அதாவது மிஞ்சியதை வீணாக்காமல் மறுபடி பொருளாக்குவதில் முன்னால் நிற்பவராம். ஒரே துணி அவர் கட்டிங் மேஜையில் இருக்கும்வரை பொருளாதாரம், எங்கள் குடோனுக்கு வந்ததும் குப்பை. இந்த வித்தியாசம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று தங்கள் நிருபரிடம் கேட்டுச் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

படத்தில் இடது ஓரம் உட்கார்ந்திருக்கும் அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அந்தப் பக்கத்தை யாரோ படம் பிடித்து அவள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மறுநாள் அந்த அக்கா வேலைக்கு வந்தது. மத்தியானம்வரை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு, "நம்ம பண்றது குப்பை பொறுக்கறதுங்களாண்ணா?" என்று கேட்டது. இத்தனை வருடத்தில் அதனிடம் பதில் சொல்ல முடியாமல் நான் நின்றது அன்றைக்குத்தான்.

சரி, அங்கே என்ன நடக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். பத்து கிலோ துணி வெட்டினால் ஒரு கிலோவுக்குக் குறையாமல் துண்டு விழும். அது எங்களிடம் கலந்துகட்டி மூட்டையாக வரும். வெள்ளை தனி, கலர் தனி என்று மேலோட்டமாகப் பிரித்தால் விலை கிடைக்காது. கருப்பையும் நேவி ப்ளூவையும் பிரிக்க டியூப்லைட் வெளிச்சம் உதவாது, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகலில் பார்க்க வேண்டும். லைக்ரா கலந்த துணியை இழுத்துப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள், ஏனென்றால் அது கலந்தால் மில்லில் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் மெஷின் மக்கர் பண்ணும். சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்துவார்கள். காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பல் உதிர்ந்தால் காட்டன், உருகி மணி மாதிரி உருண்டால் பாலியஸ்டர். இதற்கு எந்த லேபிலும் சர்டிபிகேட் தரவில்லை. இந்தப் பெண்கள் சொன்னால் மில்காரர் தலையாட்டுவார்.

பிரித்த துணி பல்லடம் பக்கம் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுக்குப் போய்ப் பஞ்சாகி, நூலாகி, சென்னிமலையிலும் கரூரிலும் சோமனூரிலும் தறியேறும். பெட்ஷீட், லுங்கி, மிதியடி. தங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று கிடக்கலாம், கால் துடைத்துவிட்டுத்தான் தாங்கள் உள்ளே போகிறீர்களோ என்னவோ. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சிவப்புத் துணியிலிருந்து சிவப்பு நூலே வரும். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயம் இல்லை என்றால் தண்ணீர் இல்லை, உப்பு இல்லை, கழிவு இல்லை. ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்களே, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு எங்கள் மூட்டைக்குள்ளும் இருக்கிறது. அதை, ஊர்க் குப்பை கொட்டும் பாறைக்குழிக்குப் போகவிடாமல் தடுப்பது யார் என்று ஒரு வரி எழுத எட்டுப் பக்கத்தில் இடம் இல்லாமல் போய்விட்டது.

இன்னொன்று. 'தொழில்துறை தானாகவே பசுமைக்கு மாறியது' என்று கட்டுரையில் வருகிறது. இதைத் தங்கள் பத்திரிகையிலேயே படிக்க நேர்ந்ததுதான் வருத்தம். ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றித் தாங்கள் எழுதியதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். நொய்யல் ஆற்றில் 1992ல் பாசனத்துக்காகத் திறந்த அணை. சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கியதால் சில வருடத்திலேயே, தயவுசெய்து தண்ணீர் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே கும்பிட்டுக் கேட்கும்படி ஆனது. அவர்கள் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தார்கள். 2006ல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது, அதுவும் தாண்டியது. 2011 ஜனவரி கடைசியில் மொத்தச் சாயப்பட்டறையையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேல் மூடினார்கள். அதற்கு அப்புறம்தான் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு முழுசாக வந்தது. தானாகவே என்றால் இதுதானா?

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. சின்ன வயதில் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேருவதற்கு முன்னால் ஒரு சாயப்பட்டறையில் மூன்று வருடம் இருந்தவன். ராத்திரி மழை பிடித்தால், சாயத் தண்ணீரை மழையோடு கலந்து விட்டுவிடலாம் என்று முதலாளிக்கு ஏன் சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியும். நொய்யல் எந்தக் கிழமையில் எந்தக் கலரில் ஓடியது என்று கேட்டாலும் சொல்வேன். இன்றைக்கு 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி சாயத்துக்கே கொடுப்பது உலகத்துக்குக் காட்ட வேண்டிய வேலைதான், அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதற்குக் காரணமான விவசாயிகளின் படம் ஒன்றாவது போட்டிருக்கலாம். அட்டையில் நஞ்சராயன் குளத்துப் பறவை இருந்தது. 2024ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த குளம், சந்தோஷம். பறவைக்குக்கூட அட்டை கிடைக்கிறது.

சாயப்பட்டறை மூடிய அந்த மாதங்களில் கட்டிங் இல்லை, அதனால் வேஸ்ட்டும் இல்லை. பட்டறைகளுக்கு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, கொடுக்க வேண்டியதுதான். நான் பேல் கட்டும் மெஷினுக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். "உங்க தொழில் எந்தப் பிரிவில வருதுன்னு தெரியலியே" என்றார் மேனேஜர். தீ இன்சூரன்சுக்குப் போனால், பஞ்சு, கழிவுத் துணி என்றதும் பேனாவை மூடினார்கள். இப்போது பசுமை நிதி என்று ஒன்று இருக்கிறதாமே, தங்கள் ஆறாம் பக்கத்தில் படித்தேன். அதே மேனேஜரிடம் போனால் இந்தத் தடவை எந்தப் பிரிவு என்பார் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

நாலு மெஷின் வைத்திருக்கும் சின்ன யூனிட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரு நாளைக்கு அரை மூட்டை துண்டுதான் சேரும். அதை எடுக்க வண்டி அனுப்பினால் டீசலுக்குக் கட்டாது. ஆகவே சோற்றுக் குப்பையோடு போட்டுவிடுகிறார்கள், நனைந்தால் அப்புறம் யாருக்கும் உபயோகம் இல்லை. வார்டுக்கு ஒரு நாள், துணிக்கு மட்டும் தனி வண்டி விட்டால் போதும், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை மனு கொடுத்தேன். மூன்று ரசீதும் பத்திரமாக இருக்கின்றன. மூன்றும் காகிதம்தான். நல்ல விலைக்குப் போகாது.

அந்தப் பெண்களுக்கு நான் கொடுப்பது பெரிய கூலி என்றும் சொல்லமாட்டேன். நூல் விலை இறங்கினால் வேஸ்ட் விலை அதற்கு முன்னால் இறங்கும், கூலி உயர்த்துவதைத் தள்ளித் தள்ளிப் போடுகிறவர்களில் நானும் ஒருவன். பஞ்சுத் தூசிக்கு முகமூடி வாங்கிக் கொடுத்தால் புழுக்கம் என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் எழுதி என்னைத் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு படித்திருப்பேன். அவர்கள் வேலைக்குத் தப்பான பெயர் வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஐயா, நான் கேட்பது ஒரே ஒரு வரி. அடுத்த இதழில், எந்த மூலையில் வேண்டுமானாலும், 'சென்ற இதழ் நான்காம் பக்கப் படத்தில் இருப்பவர்கள் துணி தரம் பிரிக்கும் தொழிலாளர்கள்' என்று திருத்தம் போடுங்கள். கலரில் வேண்டாம், கருப்பு வெள்ளை போதும். போட்டால் எட்டுப் பிரதி கூடுதலாக அனுப்புங்கள், பணம் உடனே அனுப்பிவிடுகிறேன். சென்ற இதழை அனுப்பிய மாதிரி பிளாஸ்டிக் உறையில் சுற்ற வேண்டாம், அதைக் கொடுக்க எங்களிடம் மில் இல்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம். நாளைக் காலை மூட்டை எடுக்க அந்தக் கோட்டுக்காரரின் கம்பெனி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
பனியன் வேஸ்ட் வியாபாரி,
திருப்பூர்.