மகனை நினைத்து வருந்தும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெரியவன் வாங்கிய கடனுக்காக ஆலோங் ஆட்கள், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவர்கள், உங்கள் வீட்டுக் கதவில் சாயம் ஊற்றியபோதும் அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை என்றீர்கள். "நான் வளர்த்த விதம் சரியில்லையா?" என்றும் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அவனுக்கு என்ன என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் சொன்னவற்றைக் கேட்கையில், சமூகவிரோத ஆளுமைக் கோளாறு பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றுகிறது. யாரோடும் பழகாமல் ஒதுங்கியிருப்பது அல்ல இது. பிறருடைய உரிமையை மதிக்காமல், கூசாமல் பொய் சொல்லி, ஏமாற்றி, பின்விளைவை யோசிக்காமல், வருத்தமும் படாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்வது. 18 வயது ஆகாதவருக்கு இந்தப் பெயரை வைப்பதில்லை. 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு, அதாவது அடிதடி, திருட்டு, விதி மீறல் என்று தொடரும் போக்கு, தெரிந்திருக்கவும் வேண்டும்.

மரபணுவும் சிறுவயதுச் சூழலும் பின்னிக்கிடக்கும் விஷயம் இது. அதை ஒரு தாயின் தலையில் கட்டுவது அநியாயம் அக்கா. நீங்களே அதைச் செய்யாதீர்கள்.

இதைக் குணமாக்கும் மாத்திரை இல்லை. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதற்கென்று வழக்கமாக மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் குழுச் சிகிச்சையைத்தான் பரிந்துரைக்கிறது. கூடவே குடியோ மனச்சோர்வோ இருந்தால் அவற்றுக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. நாற்பதைத் தாண்டும்போது பலருக்கு வேகம் தணிகிறது.

அதுவரை அவன் கடனை நீங்கள் அடைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? கூடாது. அவனைப் புரிந்துகொள்வது வேறு, அவன் கேட்கும்போதெல்லாம் சேமிப்பைக் கரைப்பது வேறு. கை ஓங்கினால் இங்கே சிங்கப்பூரில் குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேளுங்கள். பெற்ற பிள்ளைமீதும் கேட்கலாம்.

என் கவலையெல்லாம் சின்னவன்மீதுதான். அவனும் பள்ளிக்கு மட்டம் போடுகிறான் என்கிறீர்கள். அண்ணனைப் போலவே ஆகிவிடுவான் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். சிறுவயதில் முரட்டுத்தனம் காட்டியவர்களைப் பெரியவர்களான பிறகு தேடிப் பார்த்து லீ ராபின்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1966இல் எழுதினார்: அவர்களில் பெரும்பாலோர் அப்படியே தொடரவில்லை. இந்த வயதில் கொடுக்கும் உதவிக்குத்தான் பலன் அதிகம். பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள், பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்கும் போங்கள்.

பெரியவன் சம்மதித்தால் முதலில் பலதுறை மருந்தகம். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்துக்குப் போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். வரமாட்டேன் என்றால், உங்களுக்காகவாவது ஓர் ஆலோசகரைப் பாருங்கள். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. நான் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை