ஷாஃப்ட் கேட்டைத் திறந்துவிடுங்கள்

கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்) சுரங்க நிலத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதும், பிறகு நடந்ததும் உங்கள் கோப்புகளிலேயே இருக்கின்றன. சென்ற வாரம் மாரிகுப்பத்தில் ரயிலிறங்கிய ஒரு குடும்பம், தாத்தா வேலை செய்த ஷாஃப்டை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வந்தது. கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று, குழிக்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரமான ஹெட்கியரை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்கள்.

யாரையும் கீழே இறக்கச் சொல்லவில்லை. பம்புகள் நின்றதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்பது ஊருக்கே தெரியும். மேலே இருப்பதைத்தான் கேட்கிறோம்: ஒரே ஒரு ஹெட்கியர், ஆட்களை ஏற்றி இறக்கும் கயிற்றைச் சுற்றும் அதன் வைண்டிங் இன்ஜின் அறை. ஷாஃப்ட் வாய்க்கு இரும்புக் கிராதி போடுங்கள், சுற்றி ஆளுயர வேலி. ஹெட்கியரில் துரு முதலில் பிடிப்பது ரிவெட் இணைப்புகளிலும், மழைத்தண்ணீர் தேங்கும் கால் அடியிலும்தான். அங்கே நன்றாகச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, இரண்டு கை பெயின்ட் அடித்தால் நிற்கும். காலை அரிக்கவிட்டால் மேல்சக்கரங்களின் பாரத்தை அது தாங்காது. பிறகு ஆபத்து என்று சொல்லி வெட்டி எடைக்குப் போடுவதுதான் மிஞ்சும்.

1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். வைண்டிங் டிரைவர் இருக்கும் இடத்திலிருந்து, ஆட்கள் ஏறும் கூண்டான கேஜ் தெரியாது. ஆழம் காட்டும் டயலின் முள், கயிறு சுற்றும் டிரம்மில் போட்ட அடையாளக் கோடு, கீழிருந்து வரும் மணி, இவற்றை நம்பித்தான் அத்தனை உயிரையும் இறக்கி ஏற்றினார். அதைச் சொல்லிக்காட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் மூடும்போது முப்பது வயதில் இருந்தவருக்கே ஐம்பது தாண்டிவிட்டது. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வழிகாட்டிகளாக வையுங்கள். கேட்டைத் திறங்கள்.

வேலி போட மனமிருந்தால் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேட்டைத்தான் முதலில் மூடியிருக்க வேண்டும். காற்றுக் காலத்தில் அந்த மாவுத்தூள் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் சமையல் பாத்திரம் வரை வந்து படிகிறது. நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கினால் பிறகு போகாது. 800 டன் தங்கம் கொடுத்த ஊரின் பிள்ளைகள் விடியும் முன்பே ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இதையெல்லாம் எத்தனை முறைதான் எழுதுவது?

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். சனி, ஞாயிறு காலையில் மட்டும், இருபது இருபது பேராக, ஹெல்மெட்டோடு உள்ளே விடுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் நிறுத்திக்கொள்ளலாம். தயவுசெய்து அந்த ஒரு கேட்டைத் திறந்துவிடுங்கள்.

பணிவுடன்,
தங்கவயல் மக்கள் சிலர்