பாஸ்போர்ட் கைக்கு வரும் நாள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். தூத்துக்குடியில் வெயில் இன்னும் இறங்கவில்லை. சாயங்காலம் கடற்காற்று வந்த பிறகுதான் வாசலில் உட்கார முடிகிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அடுத்த மாதம் பார்சிலோனாவில் கப்பலேறப் போகிறீர்கள். நீ அனுப்பிய ஊர்ப் பட்டியலை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டிவிட்டேன். மார்செய், ஜெனோவா, சிவிதவெக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ, திரும்ப பார்சிலோனா. இதில் மூன்று துறைமுகங்களில் நான் இறங்கி நடந்திருக்கிறேன். சரக்குக் கப்பல் நிற்கும் இடம் வேறு, உங்கள் கப்பல் நிற்கும் இடம் வேறு. ஆனால் கேங்வேயை, அதாவது கப்பலிலிருந்து கரைக்கு இறங்கும் படிப்பாலத்தை, விட்டு இறங்கி ஊருக்குள் போனால் எல்லோருக்கும் ஒரே தெருதான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். நீ நாலாம் வகுப்பு படித்தபோது அப்பா எட்டு மாதம் வீட்டிலேயே இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவேன். அந்த வருஷத்தைப் பற்றி நீ இப்போதும் ஆசையாகப் பேசுகிறாய். அப்பா லீவில் இருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது லீவு இல்லை, பாப்பா. என் கையில் காகிதம் இல்லை. அதனால் கப்பலேற முடியவில்லை.

1997ல் ஒன்பது மாத வேலை முடிந்து ஜெனோவாவில் சைன் ஆஃப் ஆனேன். ரயிலில் மிலான் போய் அங்கிருந்து பம்பாய்க்கு விமானம் பிடிக்க வேண்டும். பாஸ்போர்ட், சிடிசி என்ற மாலுமிச் சான்றுப் புத்தகம், விமான டிக்கெட், சம்பள டாலர் எல்லாவற்றையும் ஒரே தோள்பையில் வைத்திருந்தேன். பியாட்சா பிரின்சிபே ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒருவன் என் சட்டையைக் காட்டி, தோளில் ஏதோ கொட்டியிருக்கிறது என்று சைகை செய்தான். தொட்டுப் பார்த்தால் வழவழவென்று மஞ்சளாக என்னவோ இருந்தது. பாவம், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அவனே காகிதம் எடுத்துத் துடைத்துவிட்டான். துடைத்து முடித்துக் கீழே பார்த்தேன், பை இல்லை.

அந்த நிலையத்துக்கு எதிரில் கொலம்பஸ் சிலை ஒன்று இருக்கிறது. அதன் அடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் பேர் தெரியாதவன் மாதிரி. என்னை யாரென்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை. அப்புறம் துறைமுகத்துக்கே நடந்து போய்க் கப்பல் கம்பெனிக்காக அந்த ஊரில் வேலை பார்க்கும் ஏஜென்டைப் பிடித்தேன். போலீஸில் புகார் கொடுத்து, மிலானில் நம் துணைத் தூதரகத்துக்குப் போய், இந்தியாவுக்கு மட்டும் செல்லும் ஒரு தற்காலிகக் காகிதத்தை வாங்கி வீடு வந்து சேர எட்டு நாள் ஆனது. வந்த பிறகு சிடிசிக்கு நகல் வாங்கப் பம்பாய்க்கும் ஊருக்குமாக அலைந்தேன். அடுத்து ஏற வேண்டிய கப்பல் போய்விட்டது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது அப்போதுதான். உனக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம்.

பிற்பாடு யோசித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அந்த ஒன்பது மாதமும் என் பாஸ்போர்ட் என் கையில் இல்லவே இல்லை. கேப்டனின் சேஃபில் இருந்தது. கரைக்குப் போகும்போது ஷோர் பாஸ் மட்டும் தருவார்கள், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவோம். 'மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை' என்பது எங்கள் விஷயத்தில் நிஜமாகவே சரியாக இருந்தது. கடைசி நாளில் எல்லாவற்றையும் கையில் கொடுத்தபோது, பத்திரமாக வைத்துப் பழக்கமில்லாத கை அது. உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மத்தியதரைக் கடலில் ஓடும் பயணக் கப்பல்கள் சிலவற்றில், ஏறும்போதே பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். குடியேற்றச் சோதனையைத் துறைமுகத்தில் மொத்தமாக முடிப்பதற்காகத்தான் அது. வாங்கினால் பயப்படாதே, சந்தோஷமாகக் கொடு. கொடுப்பதற்கு முன் மூன்று பாஸ்போர்ட்டிலும் படம் உள்ள பக்கம், முகவரி உள்ள கடைசிப் பக்கம், ஷெங்கன் விசா ஒட்டிய பக்கம் மூன்றையும் படமெடுத்துக்கொள். காகித நகலும் இரண்டு செட் எடுத்து வை. படத்தை உன் மெயிலுக்கு அனுப்பி வை, எனக்கும் தனியாக அனுப்பு. குடும்ப குரூப்பில் மட்டும் போட்டுவிடாதே. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்கே தெரியாது.

வாங்கவில்லை என்றால் கேபினில் இருக்கும் குட்டி லாக்கரில் வை. கப்பலில் தரும் கார்டுதான் கரையில் உனக்கு ஷோர் பாஸ் மாதிரி. கேபின் சாவியும் அதுதான், திரும்பி ஏறும்போது கேங்வேயில் காட்டுவதும் அதுதான். அதைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். புது ஆள், அவசரத்தில் இருக்கிறவர், சாயங்காலம் கப்பல் ஏறிப் போய்விடுவார், புகார் கொடுக்க நிற்க மாட்டார் என்று அது ஊருக்கே சொல்லிவிடும். இறங்கியதும் கழற்றி உள் பையில் போட்டுவிடு.

பாஸ்போர்ட்டைக் கரைக்கு எடுத்துப் போவதா, கப்பலிலேயே வைப்பதா என்று மாப்பிள்ளை கேட்டாராம். கப்பலில் வை என்பதுதான் என் கருத்து. ஆனால் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் வெளிநாட்டவரிடம் போலீஸ் அடையாளக் காகிதம் கேட்கலாம், சில துறைமுகங்களில் அசலையே கொண்டு வரச் சொல்வதும் உண்டு. தினமும் ராத்திரி கேபினுக்கு ஒரு தாள் வரும், அல்லது கப்பல் ஆப்பில் இருக்கும். நாளைக்குக் கரையில் என்ன வேண்டும், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், அந்த ஊர் ஏஜென்டின் போன் நம்பர் என்ன என்று எல்லாம் அதில் போட்டிருப்பார்கள். அது சொன்னபடி செய். அந்தத் தாளைப் படமெடுத்துக்கொண்டு இறங்கு. போன் தொலைந்தாலும் கைகொடுக்க, ஏஜென்ட் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மாப்பிள்ளை சட்டையிலும் ஒன்று, பேத்தியின் பாக்கெட்டிலும் ஒன்று வை. குழந்தையிடம் கப்பல் பெயரும் இருக்கட்டும்.

சிவிதவெக்கியாவிலிருந்து ரோம் போகும் நாளும், நேப்பிள்ஸிலிருந்து பாம்பேய் என்ற பழைய இடிபாட்டு நகரத்துக்குப் போகும் நாளும்தான் எனக்குக் கவலை. ரோம் எண்பது கிலோமீட்டர் வரும். ரயில் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. அப்படி யாராவது கரையில் விடுபட்டால், கேபின் லாக்கரில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது கப்பல்களில் வழக்கம். ஆகவே பாஸ்போர்ட்டை நினைத்து நீ ரயிலில் நடுங்க வேண்டாம், நேரத்தை நினைத்துச் சீக்கிரம் கிளம்பு. நேப்பிள்ஸிலிருந்து போகும் சர்க்கம்வெசுவியானா ரயிலில் நெரிசல் அதிகம். முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள். பாம்பேயில் 2024 நவம்பரிலிருந்து டிக்கெட்டில் பெயர் போடுகிறார்கள், ரோம் கொலோசியத்திலும் அப்படித்தான். வாசலில் அடையாளம் கேட்டால் என்ன காட்டினால் போதும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்து வை.

அசலை எடுத்துப் போக வேண்டிய நாள் வந்தால் மூன்றையும் ஒரே ஆள் சுமக்க வேண்டாம். உன்னுடையதும் குழந்தையுடையதும் உன்னிடம், மாப்பிள்ளையுடையது அவரிடம். அப்பாத்தா இடுப்பில் சுருக்குப் பை செருகியிருப்பாளே, அந்த மாதிரி துணிப் பை ஒன்றை அம்மா இப்போதே தைத்துக்கொண்டிருக்கிறாள். உடுப்புக்கு உள்ளே கட்டிக்கொள். காசு எடுக்க அதைத் திறக்கவே கூடாது. செலவுக் காசும் ஒரு கார்டும் வெளியே தனியாக இருக்கட்டும்.

தொலைந்தேவிட்டால் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்து அழாதே, நான் உட்கார்ந்த மாதிரி. முதலில் ஏஜென்டுக்குப் போன் செய், கப்பல் கிளம்பும் முன் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் போலீஸ். 112 ஐரோப்பா முழுக்க வேலை செய்யும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் புகாருக்கு 'தெனுன்சியா' என்றே பெயர், அந்தக் காகிதம் இல்லாமல் அடுத்த வேலை நடக்காது. என் காலத்தில் இல்லாத வசதி இப்போது வந்திருக்கிறது. பார்சிலோனாவிலும், 2025 பிப்ரவரியில் மார்செயிலும் நம் துணைத் தூதரகம் திறந்திருக்கிறார்கள். ஜெனோவாவுக்கு மிலான், அதற்குத் தெற்கே போனால் ரோமில் தூதரகம். ஆனால் அவசரத்துக்கு அங்கே தரும் சான்றிதழ் இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும்தான். அதை வைத்து லண்டனுக்கு, உன் வீட்டுக்கு, போக முடியாது. இங்கிலாந்து விசாவும் இப்போது அட்டையாக இல்லை, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கணினியில்தான் இருக்கிறது என்று நீயே சொன்னாய். புது பாஸ்போர்ட் வாங்கி அதையெல்லாம் மாற்றும்வரை உன் வேலையும் குழந்தையின் பள்ளிக்கூடமும் அங்கே கிடக்கும்.

கடைசி நாள்தான் முக்கியம், பாப்பா. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள், கையில் பெட்டி, தோளில் பை, விமானம் சாயங்காலம்தான் என்றால் பார்சிலோனாவின் கடைத்தெருவான ராம்ப்லாவில் ஒரு சுற்று சுற்றலாம் என்று தோன்றும். தோளில் கொட்டித் துடைக்க வருகிறவன் அந்தத் தெருவில் இப்போதும் இருக்கிறான். பெட்டியோடும் பாஸ்போர்ட்டோடும் அங்கே போகாதீர்கள், நேராக விமான நிலையம் போய்விடுங்கள். ராம்ப்லாவைக் கப்பலேறுவதற்கு முந்தின நாளே, பாஸ்போர்ட்டை ஓட்டல் லாக்கரில் பூட்டிவிட்டு வந்து, நன்றாகப் பாருங்கள். இறங்கும் காலையில் லாக்கரை மறக்காமலிருக்க, முந்தின ராத்திரியே மறுநாள் போட வேண்டிய ஒரு செருப்பை அதற்குள் வைத்துவிடு. திருப்பி வாங்கியதும் மூன்றையும் திறந்து, படமும் பெயரும் உங்களுடையதுதானா என்று அங்கேயே நின்று பார்த்துவிடு.

உங்கள் கப்பல் ஜெனோவாவில் நிற்கும் இடத்திலிருந்து அந்த ரயில் நிலையம் பக்கம்தான், நடந்தே போகலாம். கொலம்பஸ் சிலைக்குக் கீழே பேத்தியை நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மா அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

அன்புடன்,
அப்பா