யூத மதத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து யூத மதத்தில் சேர்ந்தவள் நான். இயேசுவை வெறுத்துவிட்டாயா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. மனிதராகப் பிறந்தவரைக் கடவுளாக வணங்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். அம்மா சொல்லித்தந்த பைபிள் துதிப்பாடல்களான சங்கீதங்களை இன்றும் ஓதுகிறேன், இப்போது எபிரேயத்தில்.

யூதர்கள் ஆள் சேர்க்க அலைவதில்லை. ரபி, அதாவது யூத மதகுரு, முதலில் என்னைத் திருப்பித்தான் அனுப்பினார். அப்புறம் நீண்ட படிப்பு, மூன்று பேர் கொண்ட மத நீதிமன்றத்தின் கேள்விகள், கடைசியில் மிக்வா என்னும் சடங்குக் குளியல் தொட்டி நீரில் முழுக்கு. ஞானஸ்நானத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

யூதர்களைக் கடவுள் சபித்தவர்களாகக் காட்டக் கூடாது என்று 1965இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமே அறிவித்தது. ஆனாலும் அந்தப் பேச்சைப் பிரசங்கங்களில் இன்னும் கேட்கிறேன், மனம் வலிக்கிறது. உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் ஓய்வுநாள், பஸ்கா பண்டிகை பற்றியெல்லாம் யூதர்களிடமே கேட்டு எழுதுங்கள்.

– ஒரு வாசகி