சுமைதாங்கிக் கல்லுக்கும் ஒரு எண் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேனி மாவட்டத்தில் சாலைகளை அகலப்படுத்துவது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. தாராளமாக அகலப்படுத்தட்டும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜீப் ஓட்டிப் பிழைத்தவன் நான். எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடமில்லாமல் நின்ற காலம் எனக்கு மறக்காது. நான் எழுதுவது ரோட்டோரம் நிற்கும் சுமைதாங்கிக் கற்களுக்காக.

இளவட்டங்கள் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தானே ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் பேரில் அதை வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன பாரத்தை மற்றவர்கள் அங்கே இறக்கி வைக்கட்டும் என்றுதான். சில கற்களில் பேரும் வருஷமும் வெட்டியிருக்கும்.

எங்கள் தாத்தாவின் தங்கச்சிக்கும் ஒரு கல் வைத்தார்கள். தாத்தா வண்டிக்காரர். அப்போது மூணாறு தேயிலை, மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்குச் சுமார் 15 கி.மீ. மாட்டுவண்டிதான். 1928-ல் போடிக்கு ரயில் வந்த பிறகு பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு ராத்திரியோடு வண்டியைத் திருப்புவாராம். அந்தக் கல்கிட்ட வந்ததும் மாடுகள் தானாக நின்றுவிடும் என்று அப்பத்தா சொல்லும். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்ததால் நின்றிருக்கும் என்பது என் எண்ணம். அப்பத்தாவிடம் அப்படிச் சொல்லிவிட முடியாது! வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு வரும். மலையிலிருந்து தைலப்புல் எண்ணெய் கொண்டுவரும் முதுவர் பழங்குடியினர் டின்களை அந்தக் கல்மேல்தான் இறக்கி வைப்பார்கள். வீட்டுக்கு வேண்டிய எண்ணெயை அங்கேயே பேரம் பேசி வாங்கியிருக்கிறோம்.

இங்கே பழைய பாதைகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டே வருகின்றன. உச்சியில் தேயிலைத் தோட்டம் இருக்கும் கொழுக்குமலை எங்கள் மாவட்டம்தான். ஒரு காலத்தில் அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து சாமான்களைத் தலையிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றினார்கள். இன்று வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துச் சூரியநெல்லி வழியாகச் சுற்ற வேண்டும். 2018 மார்ச் காட்டுத்தீக்குப் பிறகு குரங்கணிப் பக்கம் மலையேறுவதற்கும் கெடுபிடி. அது நியாயம்தான், எத்தனை உயிர் போனது. மீட்டர்கேஜ் ரயிலும் 2010 கடைசியில் நின்று, 2023-ல்தான் அகலப்பாதையில் திரும்ப வந்தது. வழிகள் மாறத்தான் செய்யும்.

ஆனால் போன வருஷம் நடந்தது மனசுக்கு ஆகவில்லை. எங்கள் பக்கத்து ரோட்டு வேலையில் பொக்லைன் இடித்து எங்கள் சுமைதாங்கியின் மேற்கல் இரண்டாக உடைந்துவிட்டது. ஓடிப்போய்க் கேட்டால், "பட்டியல்ல கல்லு இல்லையே" என்றார் அங்கிருந்த மேஸ்திரி. அவரைக் குறை சொல்ல முடியாது. வெட்டப்போகும் புளியமரங்களுக்கு முன்கூட்டியே பெயின்டில் எண் போட்டிருந்தார்கள். மின்கம்பங்களைத் தள்ளி நட ஏற்பாடு இருந்தது. கல்லை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். மரங்களுக்கு எண் போட வரும்போதே சுமைதாங்கி, தண்ணீர்த் தொட்டி, பழைய மைல்கல் எல்லாவற்றுக்கும் எண் போடுங்கள். ரோட்டின் அதே பக்கத்தில் பத்தடி உள்ளே தள்ளி நட்டுவிட்டால் போதும். எது எங்கே இருக்கிறது என்று வி.ஏ.ஓ.வையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டால் ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள். மதிப்பீடு போடும்போதே இதைச் சேர்க்கும்படி மாவட்ட ஆட்சியர் ஒரு உத்தரவு போட வேண்டும்.

எங்கள் கல்லின் உடைந்த துண்டுகளையும் அதைத் தாங்கி நின்ற கற்கள் இரண்டையும் மாந்தோப்பில் கொண்டுவந்து போட்டிருக்கிறோம். ரோட்டோரம் நடுவதற்கு இடத்தை அளந்து காட்டினால் போதும். புது மேற்கல்லுக்கும் கிரேன் வாடகைக்கும் ஆகும் செலவை அண்ணன் தம்பிகள் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் ஜீப் ஓட்டுநர்,
போடிநாயக்கனூர்.