அம்மாவின் பெயரில் உள்ள ‘ழ’: கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
மறைந்த முன்னாள் ராணுவ ஹவில்தார் ஒருவரின் மகள்,
கடலூர் மாவட்டம்.
(பெயர், ஊர், வட்டம், அப்பாவின் படை எண், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் எண் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

நாள்: 12.01.2026, திங்கட்கிழமை (மக்கள் குறைதீர்க்கும் நாள்)

பொருள்: ராணுவக் குடும்ப ஓய்வூதியம் – படை ஆவணத்திலும் ஆதாரிலும் மனைவியின் பெயர் வேறுபடுவது – இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் எனச் சான்று வழங்கவும், படைவீரர் குடும்பங்களுக்கு வட்ட அளவில் முகாம் நடத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அப்பா 1969-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 17 வருஷம் பணி முடித்து 1986-ல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். 2025 மார்ச்சில், 74 வயதில் காலமானார். அம்மாவுக்கு இப்போது 70. அப்பா போய்ப் பத்து மாதமாகியும் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. காரணம், அம்மாவின் பெயரில் வரும் ‘ழ’.

1974-ல் கல்யாணம் முடிந்து, லீவு தீர்ந்து யூனிட்டுக்குத் திரும்பிய அப்பா, மனைவி பெயரைக் கிளார்க்கிடம் வாயால் சொல்லியிருக்கிறார். கிளார்க் வடக்கத்திக்காரர். ‘ழ’ அவர் காதில் ‘ல’வாக விழுந்திருக்கிறது. ஆங்கில ‘எல்’ போட்டு எழுதிக்கொண்டார். குடும்ப விவரங்களைப் பதியும் யூனிட் ஆணையான பார்ட் டூ ஆர்டரில் ஏறிய அந்த ‘எல்’ அப்புறம் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கும் பி.பி.ஓ.வுக்கும் அப்படியே வந்துவிட்டது. ஆதாரில் அம்மா பெயருக்கு ‘இசட் எச்’ போட்டு, பின்னால் அப்பாவின் பெயரும் ஒட்டியிருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் மூன்றாவதாக ஒரு விதம். அந்தக் கிளார்க்கின் மேல் எனக்கு வருத்தமில்லை. நம்ம ஊரிலேயே பாதிப் பேர் வாயில் ‘ழ’ வருவதில்லை.

அப்பாவுக்குத் தன் படை எண் கடைசிவரை மனப்பாடம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர் கேட்டபோது எண்ணைத்தான் முதலில் சொன்னார். ஆனால் பி.பி.ஓ.வில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. படித்த மகள் நான்; நானும் பார்க்கவில்லை. அவர் இருந்தபோதே பார்த்திருந்தால், அவர் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம், ஒரு அஃபிடவிட், இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோ, அவ்வளவில் முடிந்திருக்கும். இப்போது கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா இறந்தது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு என்பதால் சான்றிதழும் புதுச்சேரியில் வாங்கினோம். வாரிசுச் சான்றுக்கு இங்கே விண்ணப்பித்தபோது, வேறு மாநிலச் சான்றாக இருக்கிறதே என்று விசாரணைக்குப் போனது. கெடிலம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள் நெஞ்சுவலி என்றால் புதுச்சேரிக்குத்தான் ஓடுகிறோம். பஸ்ஸில் பார்த்தால் பக்கத்து ஊர், தாளில் பார்த்தால் வேறு அரசாங்கம். சரி, எப்படியோ வாரிசுச் சான்று வந்துவிட்டது.

அதற்குள் இன்னொரு தப்பு எங்கள் பக்கம் நடந்தது. அப்பாவின் கணக்கில் இரண்டு மாத ஓய்வூதியம் வழக்கம்போல ஏறியது. காரியச் செலவு இருந்தது, எடுத்துவிட்டோம். இறப்பை உடனே தெரிவிக்க வேண்டும், இறந்த தேதிக்கு அப்புறம் ஏறுகிற பணம் திருப்பிப் பிடிக்கப்படும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு தெரிவித்தோம், பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அது நியாயம்தான், அதைப் பற்றிப் புகார் இல்லை.

முன்பு வங்கி மூலம் வந்த ராணுவ ஓய்வூதியம் இப்போது பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ‘ஸ்பார்ஷ்’ என்ற இணையதளம் வழியாக வருகிறது. அதில் நுழைய ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகும். இறந்தவருக்கு எதற்கு ரீசார்ஜ் என்று நாங்கள் விட்டுவிட்டதில் அந்த சிம் செத்துப்போயிருந்தது. சேவை மையத்துப் பையன் நல்ல பிள்ளை. “அக்கா, அந்த நம்பரை எப்படியாவது உயிர்ப்பிச்சிட்டு வாங்க” என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “மனுஷனை விட்டுட்டு நம்பரை எழுப்பச் சொல்றானே” என்றார். இறப்பைத் தெரிவித்து அதைத் தாண்டவே ஜூலை ஆகிவிட்டது.

அதற்கு அப்புறம்தான் ‘ழ’வில் வந்து முட்டினோம். அப்பாவின் படை ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ஆவணப் பிரிவு கேட்பது ஒரே ஒரு தாள். படை ஆவணத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒருவருடையதே என்று வருவாய்த்துறை சான்று தர வேண்டும். அதற்காக அலைந்தபோது, “இப்படி ஒரு சான்று இ-சேவைப் பட்டியலிலேயே இல்லை, எந்தத் தலைப்பில் தருவது?” என்று கேட்டார்கள். நோட்டரி அஃபிடவிட் கொடுத்தோம். அது போதாது என்று திரும்பி வந்தது. படை ஆவணம் மத்திய அரசுடையது, அதில் ஒரு புள்ளிகூடத் தங்களால் மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கேட்கும் தாள் தங்கள் நிர்வாகத்தில் உள்ள ஒரு மேசையிலிருந்துதான் வரவேண்டும். அதனால்தான் இந்த மனு தங்களிடம் வருகிறது.

குடும்ப ஓய்வூதியம் என்பது பெரிய தொகை இல்லை. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தபட்சம் 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவை மொத்தமாக வந்துவிடும் என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். வரும்தான். ஆனால் மளிகைக் கடைக்காரர் நிலுவை வரும்வரை காத்திருப்பதில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையிலும் அப்பாதான் முதல் உறுப்பினர். அம்மா பெயருக்கு மாற்ற, புதிய பி.பி.ஓ. கொண்டுவரச் சொல்கிறார்கள். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை இரண்டையும் இப்போது வெளியில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய பி.பி.ஓ.வில் அம்மாவின் பிறந்த தேதியே இல்லை. 80 வயதானால் குடும்ப ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40 என்று ஏறிக்கொண்டே போகும். தேதி இல்லாவிட்டால் எந்தக் கணக்கில் கூட்டுவார்கள்? பெயரைத் திருத்தும்போதே இதையும் சேர்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து நான் இதே மனுவைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

அம்மா இருபது வருஷம் முந்திரி உடைத்தவர். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, விரல் நுனி கண்ணாடிபோல வழவழவென்று ஆகிவிடும். சேவை மையத்துக் கருவியில் அம்மா பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார், ஒன்றும் விழவில்லை. நாளைக்கு ஓய்வூதியம் வந்தாலும் வருஷாவருஷம் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வசதி, இணையத்தில் உயிர்ச்சான்று கொடுக்கும் ஜீவன் பிரமானில் இருக்கிறது. அந்த மையத்தில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. நான் போனில் தேடிக் காட்டிய பிறகுதான் நம்பினார். படிக்காத வீட்டில் யார் தேடிக் காட்டுவார்கள்?

எங்கள் வீட்டுக்காக மட்டும் எழுத உட்கார்ந்திருந்தால் இங்கேயே முடித்திருப்பேன். அடுத்த தெருவில் ஒரு ஆயா இருக்கிறார், 84 வயது. அவர் வீட்டுக்காரர் எட்டு வருஷப் பணியோடு 1966-ல் ராணுவத்திலிருந்து வந்துவிட்டவர். ஓய்வூதியம் கிடையாது. 2011 டிசம்பர் 30-ம் தேதி விடியலில் தானே புயல் அடித்தபோது ஆயாவின் கூரை போய்விட்டது. பலா மரம் டிரங்குப் பெட்டி மேல் விழுந்தது. டிஸ்சார்ஜ் புத்தகம் மூன்று நாள் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு தட்டு. பட்டாளத்துத் தட்டு, கனமானது. அதன் அடியில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய படை எண் இருக்கிறது. நடுவில் ஒரு எண் தேய்ந்து, மூன்றா எட்டா என்று தெரியவில்லை. ஆயா இன்றும் அதில்தான் கூழ் குடிக்கிறார்.

ஓய்வூதியம் இல்லாத, ஹவில்தார் வரையிலான முன்னாள் படைவீரரோ அவர் மனைவியோ 65 வயது தாண்டி வறுமையில் இருந்தால், பாதுகாப்பு அமைச்சரின் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து மாதம் 4,000 ரூபாய் கொடுத்துவந்தார்கள். 2025 நவம்பர் 1 முதல் அது 8,000. அந்த நிதி கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. நான் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியையும் ஒட்டிப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்தி உண்டியல் குலுக்கியிருக்கிறேன். அந்தக் காசு போய்ச் சேர வேண்டிய ஒருவர் அடுத்த தெருவிலேயே இருக்கிறார் என்பது போன மாதம்தான் எனக்கு உறைத்தது. ஆயாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சொன்னபோது, “அவுரு செத்து இருவத்தாறு வருஷமாச்சு, இனிமே யாரு குடுப்பா” என்று சிரித்தார்.

2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்ட ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில், முன்னாள் படைவீரர்களும் அவர்களின் கைம்பெண்களும் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்று படித்தேன். நல்ல திட்டம், இளையவர்களுக்கு உதவும். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் வேண்டியது அவ்வளவு பெரியதில்லை. ஒருவருக்கு ஒரு எழுத்து, இன்னொருவருக்கு ஒரு எண்.

எனவே தங்களை வேண்டிக்கொள்வது இதுதான். என் அம்மாவுக்கு, படை ஆவணத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒருவருடையதே என்ற சான்றை, உரிய விசாரணை செய்து பிறந்த தேதியையும் குறிப்பிட்டு வழங்குமாறு எங்கள் வட்டாட்சியருக்கு உத்தரவிட வேண்டும். இந்தச் சான்று கேட்டு வருகிற மற்ற படைவீரர் குடும்பங்களுக்கும் எந்தத் தலைப்பில், யார் கையெழுத்தில் தருவது என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்பினால், ஒவ்வொருவரும் தனித்தனியாக மனு எழுத வேண்டியிருக்காது.

ஆயாவின் தட்டில் உள்ள எண்ணை இரண்டு விதமாகவும் எழுதி, முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் ஆவணப் பிரிவுக்குக் கடிதம் போகச் செய்ய வேண்டும். நாங்கள் எழுதினால் பதில் வருவதில்லை, அலுவலகம் எழுதினால் வரும்.

அப்புறம் முகாம். கடலூரில் நடத்தினால் கடலூர்க்காரர்கள்தான் வருவார்கள். திட்டக்குடியிலிருந்து ஒரு மூதாட்டி விருத்தாசலம் வந்து, பஸ் மாறி, இங்கே வந்து சேர அரை நாள் போய்விடும். அதனால் திட்டக்குடி, காட்டுமன்னார்கோயில் மாதிரி தூரத்து வட்டங்களில் முதலில் வைக்க வேண்டும். நல அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், இ-சேவை, முன்னோடி வங்கி நான்கு தரப்பும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் போதும். இறந்தவர் வீட்டாரை மட்டும் கூப்பிடாமல், உயிரோடு இருக்கும் முன்னாள் படைவீரர்களை மனைவியோடு வரச்சொல்ல வேண்டும். பி.பி.ஓ.வையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் படித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அவர்களே கையெழுத்துப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம். ரேகை விழாத பெண்களுக்கு முகப்பதிவு செய்து காட்டவும் அங்கே ஒரு ஆள் வேண்டும்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. இறப்புக்குப் பிறகு வாரிசுச் சான்றுக்கு வருகிறவர்களிடம், “ராணுவ ஓய்வூதியமா?” என்று கிராம நிர்வாக அலுவலர் ஒரு வார்த்தை கேட்டு, ஒரு துண்டுச்சீட்டுக் கொடுக்கட்டும். மூன்று வரி போதும். இறப்பை உடனே தெரிவியுங்கள். கணக்கில் ஏறும் பணத்தை எடுக்காதீர்கள். அவர் போன் நம்பரை விட்டுவிடாதீர்கள்.

பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், அஃபிடவிட் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். ஆயாவின் தட்டை அடிப்பக்கம் தெரியும்படி எடுத்த படமும் கூடவே இருக்கிறது. சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரியும், ஆனால் எண் அதில்தான் இருக்கிறது.

விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மனுவின் கீழே அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். ‘ழ’வைத் தெளிவாகவே போடுவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(மகள் கையொப்பம்)
(தாயார் கையொப்பம்)